உளூவுக்குக் கூடும் நீர், மீனுக்குக் கூடாத நீர்

 

நம் ஃபிக்ஹுக் கிதாபுகள் தண்ணீரிலிருந்தே தொடங்குகின்றன. தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் அனைத்திற்கும் முன்பாகத் தஹாரத் எனும் தூய்மைப் பாடம் வைக்கப்பட்டுள்ளது. அந்தப் பாடத்தின் தொடக்கமே நீரின் வகைகள்தாம். மழைநீர், கடல்நீர், ஆற்றுநீர், கிணற்றுநீர், ஊற்றுநீர், பனிநீர், ஆலங்கட்டிநீர் என்று ஏழையும் விரல் மடக்கி ஒப்பிக்காமல் எங்கள் மதரஸாவில் எந்தப் பிள்ளையும் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை. தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு அவற்றில் இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையே இல்லை. கடல்நீர் என்றதும் ஜன்னல் பக்கம் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

அதே பாடத்தில் இன்னொரு சட்டமும் வரும். மிகுதியான நீரில் அசுத்தம் விழுந்து அதன் நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றில் ஒன்று மாறிவிட்டால் அது நஜீஸ். ஆனால் நெடுநாள் தேங்கியதாலோ, மண் கலந்ததாலோ, பாசி படர்ந்ததாலோ மாறிய நீருக்கு அந்தத் தீர்ப்பு இல்லை. கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான 'மின்ஹாஜ்' கிதாபில், பாசியைத் 'துஹ்லுப்' என்று பெயர் சொல்லியே இந்த விதிவிலக்கில் சேர்த்துள்ளார்கள். பாசி வெளியிலிருந்து வந்து விழுந்த அசுத்தம் அன்று. அது நீரிலேயே பிறப்பது. ஆகவே பாசியால் பச்சையான நீரிலும் உளூக் கூடும்.

இந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். ஆயினும் 2019 செப்டம்பரில், அஸருக்குப் பிந்திய வகுப்பில், பத்து வயது மாணவர் ஒருவர் அதை ஒட்டி எழுப்பிய கேள்விதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. அந்தப் பிள்ளையின் மாமா மண்டபத்தில் மீன்பிடிப்பவர். அங்கே கடல் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் மாறிவிட்டதென்று அவர் அனுப்பிய படத்தைப் பிள்ளை வீட்டில் பார்த்திருக்கிறார்.

"ஹஜ்ரத், அந்தத் தண்ணியில உளூக் கூடுமா?"

"கூடும். பாசியால நிறம் மாறினா தண்ணி கெடாது" என்று சட்டத்தை விளக்கினேன்.

பிள்ளை சற்று யோசித்துவிட்டு, "நமக்குக் கூடுதுன்னா மீனுக்கு மட்டும் ஏன் ஹஜ்ரத் கூடல? எல்லாம் செத்து மிதக்குதே" என்றார்.

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிதாபின் சட்டம் நம்முடைய வணக்கத்துக்கு அந்த நீர் தகுமா என்பதைச் சொல்கிறது. அந்நீரிலேயே வாழும் உயிர்களுக்கு அது தகுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் நாம் கிதாபை மூடிவிடுகிறோம். பிள்ளை மூடவில்லை.

கடல் பச்சையானது ஏன்?

மண்டபம், பாம்பன் பகுதி மீனவர்கள் இந்தப் பாசியைப் பூங்கோரை என்கிறார்கள். அறிவியலில் அதற்கு 'நாக்டிலூகா சின்டிலன்ஸ்' என்று பெயர். உண்மையில் இது செடியும் அன்று, நாம் ஹவ்ழின் ஓரத்தில் காணும் வழுக்குப் பாசியும் அன்று. ஒரே ஓர் உயிரணுவாலான மிகச் சிறிய உயிர். பெரியதாக வளர்ந்தாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. நம் பகுதியில் காணப்படும் வகையின் உடலுக்குள் அதனினும் நுண்ணிய பச்சைப் பாசிகள் குடியிருக்கின்றன. கடலுக்கு அந்த நிறம் வருவது அவற்றால்தான். இந்த உயிர் மற்ற நுண்பாசிகளை விழுங்கியும் வளரும், தனக்குள் குடியிருக்கும் பாசிகள் வெயிலில் சமைத்துத் தரும் உணவாலும் வளரும். இரண்டு வழியிலும் உணவு கிடைப்பதால், சூழல் வாய்த்துவிட்டால் வெகு வேகமாகப் பெருகிவிடும்.

நாக்டிலூகா என்ற சொல்லுக்கே இரவில் ஒளிர்வது என்று பொருள். அதே 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவு அலைகள் நீலமாக மின்னியதைக் காண மக்கள் கூட்டமாகத் திரண்டதும், அக்காட்சி கைப்பேசிகளில் பரவியதும் நினைவிருக்கலாம். அந்த ஒளியைத் தந்ததும் இதே இன உயிர்தான். இரவில் பார்த்து சுப்ஹானல்லாஹ் என்று வியக்க வைப்பது, அளவு மீறிப் பெருகினால் பகலில் மீன்களைச் சாகடிக்கிறது. எனவே அந்த உயிரைச் சபிப்பதில் பொருளில்லை. வானங்கள், பூமி, அவற்றிலுள்ள யாவும் தன்னைத் துதிப்பதாக அல்லாஹ் கூறும் படைப்புகளுள் அதுவும் ஒன்று. குற்றம் உயிரில் இல்லை, அளவு குலைந்ததில் இருக்கிறது.

அளவு குலைந்தால் நடப்பது இதுதான். மீனும் நம்மைப்போல் ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கிறது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. நம் பகுதியின் வெதுவெதுப்பான கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஐந்தாறு மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். நமக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கைக் கொண்டே மீன் காலம் தள்ளுகிறது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒரே இடத்தில் பெருகும்போது, சூரியன் மறைந்தபின் அவையும் அந்தச் சொற்ப ஆக்சிஜனையே இழுக்கின்றன. பின் அவை கூட்டமாக மடிந்து அடியில் படிகின்றன. மடிந்ததை மட்கச் செய்யும் பாக்டீரியாக்கள் மிச்சமிருந்த ஆக்சிஜனையும் குடித்துவிடுகின்றன. காற்றும் அலையும் அடங்கியிருந்தால் மேலிருந்து புதிய ஆக்சிஜன் கலப்பதும் குறைந்துவிடும். நீந்தத் தெரிந்தவை விலகி ஓடுகின்றன. பாறை இடுக்கில் வாழும் மீன், நண்டு, சிப்பி, பவளம் ஆகியவை எங்கே ஓடும்? தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாகின்றன.

ஒரு லிட்டரில் 2 மில்லிகிராமுக்கும் கீழே ஆக்சிஜன் இறங்கினால் அந்த நீரை உயிர்வளி வறண்ட நீர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 2019 செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் அளவு அந்த எல்லைக்கும் கீழே போனது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அப்போது கடலுக்குள் இறங்கிப் பார்த்து, 2020இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். விரைவாக வளரும் பவள இனங்களில் இறப்பு அதிகபட்சமாக 71 விழுக்காடு வரை இருந்ததாக அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். 2008 அக்டோபரிலும் இதே பூங்கோரை இதே வளைகுடாவில் பெருகி மீன்களைக் கொன்றது.

ஒரு தாயின் கேள்வி

அந்த நாள்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. கடலில் விஷம் கலந்துவிட்டது, மீன் சாப்பிடுவது ஹராம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுமியின் தாயார் கூடையில் மீன் வைத்து வீடு வீடாக விற்பவர். ஒருநாள் மஃக்ரிபுக்கு முன் வாசலில் வந்து நின்றார்.

"ஹஜ்ரத், மூணு நாளா பாதி மீனு அப்படியே திரும்புது. ஹராம்னு சொல்றாங்களாம். நீங்க பள்ளி மைக்கில ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அவருடைய அன்றாட ரிஸ்க் என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லைச் சார்ந்திருந்தது. அதற்காக விசாரிக்காமல் எதையும் சொல்லிவிட முடியாது. கிதாபைப் புரட்டினேன், மீன்வளத்துறையில் பணியாற்றும் நண்பர் ஒருவரிடமும் கேட்டேன்.

கடல்நீர் தூய்மையானது, அதில் இறந்தவை ஹலால் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வரும் புகழ்பெற்ற நபிமொழியின் கருத்து. அதன் அடிப்படையில், தானாக இறந்து மிதக்கும் மீனும் ஷாஃபிஈ மத்ஹபில் கூடும். ஹனஃபி மத்ஹபிலோ காரணமின்றித் தானே இறந்து மிதக்கும் மீனை உண்ணக் கூடாது. நம் கரையோர ஊர்களில் ஷாஃபிஈகளும், சற்று உள்ளே போனால் ஹனஃபிகளும் அருகருகே வாழ்வதால் இந்த வேறுபாடு இங்கே பலருக்கும் தெரிந்ததே. ஆனால் இவ்விரண்டுக்கும் மேலாக ஒரு விதி நிற்கிறது. தனக்கோ பிறருக்கோ தீங்கிழைத்தல் ஆகாது என்பது அது. மனிதரைக் கொல்லும் நஞ்சைப் பூங்கோரை சுரப்பதாக அறியப்படவில்லை. எனினும் அதன் உடலில் அம்மோனியா சேர்ந்திருக்கும். எப்போது இறந்ததென்றே தெரியாமல் வெயிலில் கிடந்து ஒதுங்கும் மீன் யாருடைய உடலுக்கும் நல்லதன்று. பச்சைநீர் இல்லாத இடத்தில் உயிரோடு வலையில் பட்டு, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவரப்படும் மீனில் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

வெள்ளிக்கிழமை இமாம் அவர்களின் அனுமதியோடு இதையே சுருக்கமாக அறிவித்தேன். கரை ஒதுங்கிய மீனை எடுக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். படகில் பிடித்து வந்த நல்ல மீனை அஞ்சாமல் வாங்குங்கள். அல்லாஹ் ஹலாலாக்கியதை விசாரிக்காமல் ஹராம் என்று பரப்புவது சிறிய பாவமன்று. அடுத்த வாரம் அந்தத் தாயார் வந்தபோது கூடை காலியாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

கூடை காலியானதில் மகிழ்ந்தேன். ஆனால் பிள்ளையின் கேள்வி அப்படியே நின்றது. மீன் சாப்பிடுவோருக்கும் விற்போருக்கும் பதில் கிடைத்துவிட்டது. மீனுக்கு?

முத்தும் பவளமும்

'அர்ரஹ்மான்' அத்தியாயத்தை நம் வீடுகளில் ஓதாதவர் குறைவு. அதன் 22ஆவது வசனம் கடலிலிருந்து வெளிப்படும் லுஃலுஃ, மர்ஜான் இரண்டையும் இறைவனின் அருட்கொடைகளாகக் குறிப்பிடுகிறது. லுஃலுஃ என்பது முத்து. மர்ஜானுக்குப் பவளம் என்றும் சிறு முத்து என்றும் முஃபஸ்ஸிர்கள் இரு பொருள் கூறுவர். உலகில் பல சமூகங்கள் இந்த வசனத்தை ஓதித்தான் அறியும். நம் முன்னோர் கண்ணால் கண்டே அறிந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ இக்கரையின் முத்துக் குளிப்பை எழுதி வைத்தார். காயல்பட்டினமும் கீழக்கரையும் முத்தாலும் சங்காலும் வளர்ந்த ஊர்கள். பரதவர்களும் முஸ்லிம்களும் ஒரே கடலில், ஒரே பார்களில் மூச்சடக்கி இறங்கினார்கள். தூத்துக்குடியில் பெரிய அளவிலான கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது. அதற்குப்பின் சிப்பிகள் அவ்வாறு செழிக்கவில்லை. பவளமோ இன்றும் இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை விரிந்து கிடக்கும் 21 தீவுகளைச் சுற்றி அது வளர்ந்து நிற்பதால்தான் 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப்பாறைகளைப் பல்லாண்டு வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம்.

அந்த வசனத்துக்குச் சற்று முன்பாக, ஏழிலிருந்து ஒன்பது வரையுள்ள வசனங்களில் மீஸான் எனும் தராசு பேசப்படுகிறது. வானத்தை உயர்த்தியவன் தராசையும் வைத்தான். அதில் வரம்பு மீறலாகாது, எடை குறைக்கலாகாது என்பது அவ்வசனங்களின் சாரம். கடையில் நிறுக்கும் தராசு மட்டுமே இங்கு குறிக்கப்படுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் முத்தும் பவளமும் பேசப்படும் இடத்துக்கு வெகு அருகிலேயே தராசும் பேசப்படுகிறது. கடலுக்குள்ளும் ஒரு தராசு இருக்கிறது. அதன் ஒரு தட்டில் பாசிக்கு உணவாகும் உரச்சத்து. மறு தட்டில் மீனும் பவளமும் சுவாசிக்கும் ஆக்சிஜன். முதல் தட்டில் நாம் கை வைத்து அழுத்தினால் மறு தட்டு மேலே போய்விடுகிறது.

நாம் எங்கே கை வைக்கிறோம்? பூங்கோரை பெருகுவதற்கு ஒரே காரணம் இல்லை. பருவக்காற்றும் நீரோட்டமும் ஆழத்துச் சத்தை மேலே கொணர்வது இயற்கையாகவே நடப்பது. புவி சூடாவதால் கடல்நீர் வெப்பமாகிறது. வெப்பமான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். இவற்றோடு கரையிலிருந்து நாம் அனுப்பும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சேர்கின்றன. நெல்லுக்கும் வாழைக்கும் கூடுதலாக இட்ட உரம், தாமிரபரணிபோன்ற ஆறுகள் வழியே கடலைச் சேருகிறது. சலவைத்தூள், சமையலறைக் கழிவு, கழிவறை நீர் ஆகியவை ஓடை வழியே சேருகின்றன. தூத்துக்குடியில் வாழ்பவர்களுக்குப் பக்கிள் ஓடையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நகரின் கழிவுநீரைச் சுமந்து திரேஸ்புரம் பக்கம் கடலில் கலக்கும் அந்த ஓடையில் நம் எல்லோருடைய வீட்டுத் தண்ணீரும் இருக்கிறது. 'அர்ரூம்' அத்தியாயத்தின் 41ஆவது வசனம் சீர்கேட்டைப் பேசும்போது தரையோடு கடலையும் சேர்த்துச் சொல்லி, மனிதக் கைகளின் சம்பாத்தியத்தையே காரணமாகக் காட்டுகிறது. கைகள் என்று அது பன்மையில் கூறுவதை நாம் கவனிக்க வேண்டும்.

இது நம் ஊரில் மட்டும் நேர்வதன்று. நம் சகோதரர்கள் பலர் பிழைக்கச் சென்றுள்ள வளைகுடா நாடுகளில் 2008இன் இறுதியில் தொடங்கி 2009 வரை வேறொரு செம்பாசி மாதக்கணக்கில் கடலில் நின்றது. ஆயிரக்கணக்கான டன் மீன்கள் செத்தன. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் சிலவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது. 1950க்குப் பின் உலகக் கடலோரங்களில் இவ்வாறு ஆக்சிஜன் வறண்ட இடங்களாக 500க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. 1960 முதல் ஐம்பது ஆண்டுகளில் உலகப் பெருங்கடல்கள் தம்மிடமிருந்த ஆக்சிஜனில் ஏறத்தாழ 2 விழுக்காட்டை இழந்துவிட்டதாகவும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளார்கள்.

பள்ளியில் நடந்த ஆலோசனை

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். நீர்நிலை, நடைபாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களில் மலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என்று எச்சரித்துள்ளார்கள். இதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அவர்களும் கடற்கரையில் உட்காரக் கூடாது என்று புரிந்துகொள்கிறார்கள். ஆனால் குழாய் வழியே ஓடைக்கும், ஓடை வழியே கடலுக்கும் போவதும் அதே செயல்தானே? இடையில் ஒரு குழாய் நீண்டுவிட்டதால் ஹதீஸின் கருத்து மாறிவிடுமா?

எங்கள் மஹல்லாப் பள்ளியின் கழிவறைக் குழாய் மழைநீர்க் கால்வாயில்தான் சேர்ந்திருந்தது. அக்கம்பக்கத்தில் பலவும் அப்படியே. அதைத் துண்டித்து, மூடிய தொட்டி ஒன்று கட்ட வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் முன்வைத்தேன். உறுப்பினர் ஒருவர் நியாயமான கேள்வியையே கேட்டார். "ஊர்ச் சாக்கடை மொத்தமும் கடலுக்குத்தான் போவுது. நம்ம பள்ளியோட தண்ணி மட்டும் நின்னா கடல் சுத்தமாயிருமா ஹஜ்ரத்? அந்தக் காசுக்கு ரெண்டு ஏழைப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டலாமே."

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும், புகாரியில் உள்ள கப்பல் உவமையை நினைவூட்டினேன். ஒரே கப்பலில் மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறி வந்து பிறருக்குத் தொல்லை தருவதைவிட, தங்கள் பகுதியிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் மேலே இருப்பவர்கள் அதைத் தடுக்காவிட்டால் கப்பலோடு அனைவரும் மூழ்குவார்கள். தடுத்தால் அனைவரும் பிழைப்பார்கள். நம் நிலத்தில் நாம் போட்ட குழாய்தானே என்பது இந்த உவமையில் எடுபடாத வாதம்.

கூட்டம் சற்று மௌனமானது. அப்போது, இளமையில் சங்கு குளித்து ஓய்ந்த முதியவர் ஒருவர் மெதுவாகப் பேசினார். "வாப்பா காலத்துல இருந்து நாங்க கடலுக்குள்ள போய்த்தான் பொழைச்சோம். அடியில மூச்சு முட்டுறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எனக்காச்சும் மேல வந்தா காத்து இருந்துச்சு. அதுகளுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல. ஒரு குழாயாச்சும் நம்ம குழாய் அதுல சேர வேண்டாம்."

கிதாபிலிருந்து நான் எடுத்துக்காட்டியதைவிட அவர் சொன்னதே அங்கு வலுவாக நின்றது. பணம் சிறிது சிறிதாகச் சேர்ந்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த மாதங்களில், ஊரடங்கு தளர்ந்தபோது வேலை நடந்தது. 2020 செப்டம்பரில் ஜமாஅத் தொழுகை மீண்டும் தொடங்கியபோது பழைய குழாயின் வாய் சிமெண்டால் அடைக்கப்பட்டிருந்தது. ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்தைப் பற்றிக் கேட்ட உறுப்பினரே அதற்கெனத் தனி உண்டியல் ஒன்றையும் வைத்தார். நன்மையில் ஒன்று மற்றொன்றைத் தடுக்க வேண்டியதில்லை.

கையை எடுத்தால் கடல் மூச்சுவிடும்

ஒரு குழாயை அடைத்ததால் மன்னார் வளைகுடாவில் பூங்கோரை வராமல் போகாது. காற்றும் வெப்பமும் வாய்த்தால் மீண்டும் வரும். ஆயினும் கரையிலிருந்து போகும் சத்து குறைந்தால் கடல் தேறும் என்பதற்குச் சான்று உண்டு. ஐரோப்பாவின் கருங்கடலில், டான்யூப் ஆறு கலக்கும் வடமேற்குப் பகுதி, 1970கள், 80களில் வயல் உரத்தால் பரந்த அளவில் ஆக்சிஜன் இழந்து கிடந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்து, உரம் வாங்க வழியில்லாமல் விவசாயிகள் அதன் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டபின், 1990களில் அந்தக் கடல் மெல்ல மீளத் தொடங்கியது. யாரும் திட்டமிட்டுச் செய்த நற்செயல் அன்று அது. கை தட்டிலிருந்து எடுபட்டது, தராசு அசைந்தது. அறிந்து, நிய்யத்தோடு எடுத்தால் அதற்கு இன்ஷா அல்லாஹ் கூலியும் உண்டு.

ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. வீட்டுக் கழிவறைக் குழாய் எங்கே போகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். நம்மில் பலருக்கு அதுவே தெரியாது. தொட்டியைக் காலத்தில் சுத்தம் செய்யுங்கள். எடுத்த கழிவை ஓடையில் கவிழ்க்காத லாரியை மட்டும் அழையுங்கள். சலவைத்தூளை அளந்து போடுங்கள். வயல் வைத்திருப்போர் மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவுக்கு மட்டும் உரமிடுங்கள். அளவு மீறியது பயிருக்கும் சேராது, பணத்துக்கும் கேடு. உளூச் செய்யும்போது குழாயைத் திறந்தபடி விடாதீர்கள். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீண்விரயம் வீண்விரயமே என்பது இப்னு மாஜாவில் பதிவான அறிவிப்பின் கருத்து. கடல் பச்சையானால் கரை ஒதுங்கிய மீனை எடுக்காதீர்கள்; விசாரிக்காமல் மீனவரின் பிழைப்பைக் கெடுக்கும் செய்தியைப் பரப்பவும் செய்யாதீர்கள்.

இப்போது தஹாரத் பாடம் நடத்தும்போது, ஏழு வகை நீரை ஒப்பித்து முடித்த பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இந்த நீரில் உளூக் கூடுமா என்பது முதலாவது. அதற்குக் கிதாபில் விடை இருக்கிறது. நாம் பயன்படுத்தியபின் இந்த நீர் எங்கே போகிறது, அங்கே யார் வாழ்கிறார்கள் என்பது இரண்டாவது. அதற்கான விடையை அவர்கள் வீட்டுக்குப் போய், குழாயின் வழியே நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். சிலர் படம் வரைந்து கொண்டுவருகிறார்கள். பெரும்பாலான படங்களில் கோடு கடலில்தான் போய் முடிகிறது.

நமக்குக் கடலை வசப்படுத்தித் தந்த ரப்பே! அதிலிருந்து உண்ணவும் அணியவும் தந்தாய். அதன் உயிர்களுக்குத் தீங்கு செய்யாதவர்களாக எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் ஆக்குவாயாக. எங்கள் கைகளின் செயலால் கெட்டதை உன் கருணையால் சீராக்குவாயாக. கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.